முன்வைக்கப்பட்டதைப் புசித்தவர்கள்



லூக்கா சுவிசேஷத்தின் பத்தாம் அதிகாரத்தில் ஆண்டவர் எழுபது பேரை இரண்டிரண்டு பேராக அனுப்பிய பகுதியை நாம் பலமுறை தியானித்திருக்கிறோம். அறுப்பு மிகுதி, ஆட்களோ குறைவு என்பதை மிஷனெரி ஞாயிறுதோறும் நினைவுகூருகிறோம். பணப்பையும் பாதரட்சையும் இல்லாமல் அவர்கள் புறப்பட்டதைச் சொல்லி வியக்கிறோம். அதே பகுதியில் ஆண்டவர் சாப்பாட்டைக் குறித்தும் கட்டளையிட்டார் என்பதை மட்டும் விரைவாகக் கடந்துவிடுகிறோம். ஏற்றுக்கொள்ளும் வீட்டில் தங்கி, அவர்கள் கொடுப்பதை உண்ணவேண்டும் என்று ஏழாம் வசனத்தில் சொன்னவர், எட்டாம் வசனத்தில் மீண்டும் அதையே சொல்கிறார். அடுத்தடுத்து இருமுறை சொல்லுமளவுக்கு அதில் என்ன இருக்கிறது?

இந்தக் கேள்வியோடு இந்த வாரம் ஒரு பழைய வரலாற்றை உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். அது நம்முடைய சபையைச் சேர்ந்தவர்களின் வரலாறு அன்று. மார்மன் ஊழியர்களின் வரலாறு. 1830-ல் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் என்பவர் தொடங்கிய அந்தச் சபையார், வேதாகமத்தோடு வேறொரு நூலையும் வேதமாக ஏற்பவர்கள்; திரித்துவத்தைக் குறித்து நாம் விசுவாசிக்கிறபடி அவர்கள் விசுவாசிப்பதில்லை. அந்த வேறுபாடு சிறியதன்று. அவர்களுடைய உபதேசத்தை நான் பரிந்துரைக்கவும் இல்லை. ஆயினும், காயப்பட்டவனை யார் தூக்கிச் சுமந்தான் என்று சொல்லவந்த ஆண்டவர், யூதர்கள் விலக்கிவைத்திருந்த ஒரு சமாரியனை உதாரணமாக நிறுத்தினார். ஆகையால் பொறுமையோடு வாசியுங்கள்.

1850-ஆம் ஆண்டு. கலிபோர்னியாவின் ஆறுகளில் தங்கம் கிடைக்கிறது என்ற செய்தி உலகமெங்கும் பரவியிருந்த காலம். அங்கே தங்கம் அரித்துக்கொண்டிருந்த மார்மன் இளைஞர் சிலரை அவர்களுடைய தலைவர் ஒருவர் அழைத்து, சாண்ட்விச் தீவுகளுக்கு ஊழியத்துக்குப் போகச் சொன்னார். இன்றைய ஹவாய்க்கு அக்காலத்தில் அதுவே பெயர். அன்று அது அமெரிக்காவுக்குச் சொந்தமானதன்று. தனக்கென்று அரசனை உடைய ஒரு சுதந்தர நாடு. பத்துப்பேர் கப்பலேறி, அவ்வாண்டு டிசம்பர் 12 அன்று ஹொனலூலூவில் இறங்கினார்கள். ஒருவருக்கும் அத்தீவின் மொழி தெரியாது. அங்குள்ள வெள்ளைக்காரருக்கு ஆங்கிலத்தில் போதிக்கலாம் என்பதே பலரின் எண்ணம். ஆனால் வெள்ளைக்காரர் சிலரே இருந்தனர். இருந்தவர்களுக்கும் கேட்க மனமில்லை. சில மாதங்களுக்குள் பத்துப்பேரில் ஐந்துபேர் தீவுகளைவிட்டுப் போய்விட்டார்கள். குழுவின் தலைவரே போனவர்களில் ஒருவர்.

தங்கிவிட்ட ஐவரில் ஒருவர் ஜார்ஜ் கியூ. கேனன். லிவர்பூலில் பிறந்தவர், அச்சுத்தொழில் கற்றவர். அப்போது அவருக்கு வயது 23. மற்றவர்கள் திரும்பினாலும் நான் தனியே தங்கி இம்மக்களின் மொழியைக் கற்பேன் என்று அவர் தீர்மானித்துக்கொண்டார். தம் முதல் ஊழியத்தைக் குறித்து 1879-ல் அவர் வெளியிட்ட சிறுநூல் இன்றும் வாசிக்கக் கிடைக்கிறது. அதில் அற்புதங்களாக அவர் சொல்லும் சிலவற்றை நான் அப்படியே ஏற்கவில்லை. ஆனால் அன்றாட வாழ்வைப்பற்றி அவர் எழுதியவற்றைத் தள்ளிவிட முடியவில்லை.

கேனனும் வேறு இருவரும் மாவி தீவிலுள்ள லஹைனா துறைமுகத்துக்குச் சென்றார்கள். கையிலிருந்த பணம் வாடகைக்குக் கரைந்தது. இனி மூவரும் பிரிந்து, ஒருவர் மட்டும் அங்கே தங்கலாமா என்று ஆலோசிக்கும் நிலை வந்தது. அப்போது நாலிமனுயி என்ற உள்ளூர்ப் பெண்மணி தன் வீட்டை அவர்களுக்கு விட்டுக்கொடுத்தார். தரிசிக்கச் சென்றவர்கள் கொடுக்க ஒன்றுமில்லாமல் நின்றபோது, தரிசிக்கப்பட்டவர் கொடுத்தார். சாறிபாத் விதவையின் வீட்டு வாசலில் எலியா கேட்டுப் பெற்றதை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பொன்றும் இராது.

இனிச் சாப்பாட்டுக்கு வருகிறேன்.

அத்தீவு மக்களின் உணவு போயி எனப்படுவது. நாம் அறிந்த சேப்பங்கிழங்கை வேகவைத்து, கல்லால் இடித்து, நீர்விட்டுப் பிசைந்து, சில நாள் புளிக்கவிட்டு, சுரைக்குடுக்கையில் வைத்து விரலால் வழித்து உண்பார்கள். பழைய சோற்றின் புளிப்பில் வளர்ந்த நம் மூத்தோருக்கு அது ஒரு பொருட்டாக இராது. ஆனால் கேனனுக்கு முதல் கரண்டியே குமட்டியது. அச்சுக்கூடத்தில் வளர்ந்தவரல்லவா? புத்தகம் கட்டுகிறவர்களின் பழைய பசைச்சட்டி புளித்து நாறுவதைப்போல் இருந்தது என்று எழுதியிருக்கிறார். விழுங்கியிருந்தால் வாந்தி எடுத்திருப்பாராம்.

ஊர் ஊராகப் போகத் தொடங்கியபின் அவர் ஒன்றைக் கவனித்தார். தாம் போயி உண்ணாவிட்டால், தங்கும் வீட்டிலுள்ளவர்கள் வேளைதோறும் தமக்கென்று தனியாகச் சமைக்கவேண்டும். அவர்களோ ஏழைகள். அது அவர்களுக்குப் பாரம். அப்படிப் பாரமாயிருக்கிறவரை அவர்கள் எத்தனை நாள் மனமுவந்து வரவேற்பார்கள்? எனவே அவர் அந்த உணவைத் தமக்கு இனிதாக்கும்படி தேவனிடம் ஜெபித்தார். அடுத்தமுறை ஒரு கிண்ணம் நிறைய உண்டார், பிடித்திருந்தது. அத்தீவுகளில் இருந்த காலமெல்லாம் கிடைத்தபோதெல்லாம் அதையே உண்டார்.

இந்த ஜெபத்தைச் சற்றே நின்று பாருங்கள். ஊழியர்களின் ஜெபக்குறிப்புகளில் நாம் எதையெல்லாம் வாசிக்கிறோம்! கதவுகள் திறக்கப்பட, எதிர்ப்பு நீங்க, வாகனம் கிடைக்க, கட்டடம் எழும்ப. என் நாக்கு மாறவேண்டும், அவர்களுடைய சட்டியிலிருப்பது எனக்கு ருசிக்கவேண்டும் என்ற விண்ணப்பத்தை எந்தக் குறிப்பிலும் நான் கண்டதில்லை. மேலும் அவர் அதை வேண்டிய காரணம், தாம் பட்டினி கிடக்கக்கூடாது என்பது அன்று. ஓர் ஏழை வீட்டுப்பெண்ணுக்கு இரண்டாவது அடுப்பு மூட்டும் வேலை இருக்கக்கூடாது என்பதே. யோப்பாவில் பேதுருவுக்குக் காட்டப்பட்ட தரிசனமும் உணவைக் குறித்தே தொடங்கியது; அது முடிந்ததோ கொர்நேலியுவின் வீட்டில் அவர் சில நாள் தங்கியதில்.

மொழி வந்ததும் இந்தப் பாயில் உட்கார்ந்துதான். அவர் நூல்களைமட்டும் வைத்துக்கொண்டு கற்கவில்லை. வீடுகளில் அமர்ந்து, கேட்டு, பேசி, தவறி, திருத்தப்பட்டுக் கற்றார். 1851 மார்ச் மாதத்தில் வைலுக்கு என்ற ஊரின் வழியே நடந்துபோனபோது, ஒரு வீட்டருகே நின்ற பெண்கள், இதோ வெள்ளைக்காரர் என்று தங்கள் மொழியில் கூவ, உள்ளேயிருந்தவர்கள் வெளியே வந்தார்கள். அவர்களில் ஒருவர் ஜோனதான் நாப்பேலா, அவ்வட்டாரத்தின் நீதிபதி. லஹைனாலூனா கல்விக்கூடத்தில் முதல் வகுப்பிலேயே பயின்றவர். அவருடைய வீட்டில் கேனன் விருந்தாளியானார். பின்னர் அவருக்கு மாணவருமானார். கேனன் மொழிபெயர்த்த பகுதிகளை நாப்பேலா கேட்டு, ஹவாய் மக்களின் காதுக்கு அது எப்படி ஒலிக்கும் என்று விளக்கித் திருத்தினார். 1855-ல் சான் பிரான்சிஸ்கோவில் அந்நூல் அச்சேறியது. புதிதாக வந்த ஊழியர்களுக்குத் தம் மொழியைக் கற்பிக்கும் ஏற்பாட்டையும் நாப்பேலாவே செய்தார்.

இந்த இடத்தில், போதகனாகிய எனக்குச் சங்கடமான ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். லஹைனாலூனாவை 1831-ல் நிறுவியவர்கள் மார்மன்கள் அல்லர். நம்மைப்போன்ற புரொட்டஸ்டன்ட் மிஷனெரிமார். 1820-ல் அமெரிக்காவிலிருந்து வந்து, எழுத்தில்லாதிருந்த மொழிக்கு எழுத்தமைத்து, பள்ளிகள் திறந்து, 1839-ல் முழு வேதாகமத்தையும் ஹவாய் மொழியில் தந்தவர்கள் அவர்களே. அவர்கள் விதைத்திராவிட்டால் கேனனுக்கு வாசிக்கத் தெரிந்த ஒரு நாப்பேலா கிடைத்திருக்கமாட்டார். அப்படியிருக்க, முப்பது ஆண்டுகள் போதிக்கப்பட்ட மந்தையிலிருந்து ஆடுகள் ஏன் புதியவர்களின் பின்னே போயின? 1854-ல் தங்களோடு நாலாயிரத்துக்கும் மேற்பட்டோர் சேர்ந்திருந்ததாக மார்மன்கள் கணக்குச் சொல்கிறார்கள்.

வைலுக்குவின் புரொட்டஸ்டன்ட் போதகர் பிரசங்க பீடத்திலிருந்து கேனனைக் கண்டித்துப் பேசினார். அவருடைய இடத்தில் நான் இருந்திருந்தால் நானும் என் மந்தையை எச்சரித்திருப்பேன். எச்சரிப்பது மேய்ப்பனின் கடமை. எனினும் எச்சரிப்பு ஒன்றே போதாது என்பதையும் அவ்வரலாறு காட்டுகிறது. அந்த மூத்த மிஷனெரிமார் பலர் தங்கள் பிள்ளைகளை ஹவாய்ப் பிள்ளைகளோடு பழகவிடாமல், அவர்களுடைய மொழி காதில் விழாதபடி வேலி போட்ட முற்றத்துக்குள் வளர்த்தார்கள். 1841-ல் நிறுவப்பட்ட புனஹூ பள்ளி, மிஷனெரிப் பிள்ளைகளுக்கென்றே தொடங்கப்பட்டது. அவர்கள் கொடுமைக்காரர்கள் அல்லர். அம்மக்களுக்காக உழைத்து, அங்கேயே மரித்து, அங்கேயே அடக்கம்பண்ணப்பட்டவர்கள் பலர். கொடுத்தார்கள், மிகுதியாகக் கொடுத்தார்கள். வாங்கி உண்ணத்தான் அவர்களால் இயலவில்லை. ஆடுகள் போனதற்கு இது ஒன்றே காரணம் என்று நான் வாதிடவில்லை. ஆனால் அந்த வேலியையும் கேனன் உட்கார்ந்த பாயையும் அருகருகே வைத்துப் பார்க்காமல் இவ்வரலாற்றைக் கடந்துபோக என் மனம் ஒப்பவில்லை.

கேனன் ஊர் திரும்பிய அதே 1854-ல், செப்டம்பர் இறுதியில், ஜோசப் எஃப். ஸ்மித் என்ற சிறுவன் ஹொனலூலூவில் வந்திறங்கினான். வயது 15. சபையை நிறுவியவரின் அண்ணன் மகன். ஐந்து வயதில் தகப்பனைக் கொலையாளிகளின் துப்பாக்கிக்குக் கொடுத்தவன். 13 வயதில் தாயையும் இழந்தவன். தங்கையை ஆசிரியர் அடிக்க முற்பட்டபோது அவரைத் தாக்கிப் பள்ளியைவிட்டு வெளியேற்றப்பட்டவன். கோபக்காரப் பிள்ளை. கப்பல் கட்டணத்துக்காகக் கலிபோர்னியாவில் கூரைக்கு வேயும் மரப்பட்டிகளைச் செய்து கூலி சம்பாதித்தபின்பே கடலைக் கடந்தான். நம் வீடுகளில் அந்த வயதுப் பிள்ளை பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும். தண்ணீர்ச் செம்பையும் தாய் கொண்டுவந்து கொடுப்பாள்.

மாவி தீவின் கூலா பகுதிக்கு அனுப்பப்பட்ட அச்சிறுவன், போன சில நாள்களில் கடும் காய்ச்சலில் விழுந்தான். அவனைத் தன் வீட்டில் கிடத்தி, பெற்ற பிள்ளையைப்போல் பேணியவர் மா மஹூஹி என்ற ஹவாய்ப் பெண்மணி. நோய் தெளிந்து எழுந்தவன் நூறு நாளளவில் அம்மொழியில் பேசவும் போதிக்கவும் தொடங்கிவிட்டான். பின்பு தீவுவிட்டுத் தீவுக்குப் பயணம், பஞ்சகாலத்து அரைவயிறு, கிழிந்த உடை, தனிமை. லனாய் தீவில் 1856-ல் வீடொன்று தீப்பற்றியபோது அவன் அதுவரை எழுதிவந்த நாட்குறிப்புகள் எரிந்துபோயின. மூன்று ஆண்டுகளுக்குப்பின், 1857 அக்டோபரில், அவன் ஊருக்குப் புறப்பட்டான்.

பல பத்தாண்டுகள் கடந்தபின், தம் சபையின் தலைவராக அவர் மீண்டும் ஹொனலூலூத் துறையில் இறங்கினார். மலர்மாலைகளோடு பெருங்கூட்டம் நின்றிருந்தது. கண்பார்வை இழந்த ஒரு முதியவளை யாரோ கைப்பிடித்து அழைத்துவந்தார்கள். அவள் கையில் சில வாழைப்பழங்கள். கொடுப்பதற்கு அவளிடம் இருந்தது அவ்வளவே. அவள் அவருடைய பெயரைத் தன் மொழியில் சொல்லி அழைத்தாள்: யோசெப்பா, யோசெப்பா. அவர் ஓடிப்போய் அவளைக் கட்டியணைத்து, அம்மா என்று அழைத்தார் என்று உடன் சென்றவர் எழுதிவைத்திருக்கிறார். அத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அவளே அவருக்கு உண்ணக் கொண்டுவந்தாள் என்பதைக் கவனியுங்கள்.

இதே காலத்தில் நம் ஊருக்கும் மார்மன்கள் வந்தார்கள் என்பது உங்களில் பலருக்குத் தெரியாதிருக்கலாம். 1853 ஏப்ரலில் பதின்மூன்று ஊழியர்கள் கல்கத்தாவில் இறங்கினார்கள். அவர்களில் ரிச்சர்ட் பாலன்டைன் என்ற ஸ்காட்லாந்துக்காரரும் துணைவர்களும் அவ்வாண்டு ஜூலையில் சென்னைப்பட்டணம் வந்து சேர்ந்தார்கள். சால்ட் லேக் நகரில் 1849-ல் தம் வீட்டிலேயே முதல் ஞாயிறு பள்ளியைத் தொடங்கியவர் இவர். உற்சாகத்தில் குறைந்தவர் அல்லர். துண்டுப்பிரதிகள் அச்சிட்டார், கூட்டங்கள் நடத்தினார். ஆனால் பணி பெரும்பாலும் ஆங்கிலம் பேசுவோரிடையேயும் படைவீரரிடையேயுமே நடந்தது. படைமுகாம்களின் கதவுகள் அடைக்கப்பட்டன. அவர்களுடைய சபை பலதார மணத்தை 1852-ல் வெளிப்படையாக அறிவித்திருந்ததால், செய்தித்தாள்களும் சும்மா இருக்கவில்லை. ஓராண்டில் பாலன்டைன் உடல்நலம் குன்றிக் கப்பலேறினார். 1856-க்குள் இந்தியாவிலிருந்த எல்லாரும் திரும்பிவிட்டார்கள். தமிழில் அவர்களுடைய பணி வேரூன்றவேயில்லை. காரணங்கள் பல, வெயிலும் சாதியும் அவற்றில் உண்டு. ஆனாலும் ஹவாயில் தங்கிய அந்த ஐந்துபேர் முதல் மாதத்திலேயே விட்டுவிட்ட வழி எதுவோ, அந்த வழியில்தான் இவர்கள் இங்கே நடந்தார்கள்.

இன்று அச்சபையின் ஊழியர்கள் எழுபதாயிரத்துக்கும் மேல். இளைஞர்கள் இரண்டு ஆண்டுகளும் இளம்பெண்கள் பதினெட்டு மாதங்களும் தங்கள் சொந்தச் செலவிலோ குடும்பத்தின் செலவிலோ, தாங்கள் தெரிந்துகொள்ளாத ஊருக்குப் போகிறார்கள். காலை ஆறரைக்கு எழுந்து, படித்து, ஜெபித்து, இருவர் இருவராய்த் தெருவில் இறங்குகிறார்கள். துணைவரை விட்டுத் தனியே எங்கும் போவதில்லை. வீட்டாரோடு தொலைபேசியில் பேசுவதும் 2019 வரை ஆண்டுக்கு இருமுறைதான். அதன் பின்பே வாரந்தோறும் பேச அனுமதி கிடைத்தது. வெள்ளைச்சட்டையும் கறுப்புப் பெயர்ப்பட்டையும் அணிந்த இரண்டு பிள்ளைகள் உங்கள் வாசலில் வந்து நின்றால், அவர்களுடைய உபதேசத்தை நீங்கள் ஏற்கவேண்டியதில்லை. நம்முடைய விசுவாசம் இன்னதென்று தெளிவாகச் சொல்லுங்கள். ஆனால் ஒரு குவளைத் தண்ணீரும் கொடுங்கள்; எந்தத் தாயின் பிள்ளைகளோ.

அதைவிடக் கடினமான கேள்வி நம்மைக் குறித்தது. ஊழியப் பயணம் என்று வடமாநிலங்களுக்குப் புறப்படும் நம்மவர் குழுக்களில் அரிசி மூட்டையும் ஊறுகாய் ஜாடியும் சமையல்காரரும் முதலில் ஏறுவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். தூரத்துக்குக்கூடப் போகவேண்டாம். நம் சொந்த ஊரில், ஒரே சபையில், ஒரே அப்பத்தில் பங்குபெறுகிறவர்களின் வீடுகளை எண்ணிப்பாருங்கள். சில தெருக்களில் வீடு சந்திக்கப் போகிறவர்கள் உட்கார்ந்து சாப்பிட்டு வருகிறார்கள். சில தெருக்களில் ஜெபம் மட்டும் நடக்கிறது. இப்போதுதான் சாப்பிட்டோம், இன்னொரு நாள் ஆகட்டும் என்று எழுந்துவிடுகிறார்கள். அந்த இன்னொரு நாள் பல தலைமுறைகளாக வரவில்லை. அந்த வீட்டுப்பெண்ணுக்குக் காரணம் தெரியாது என்று நினைக்கிறீர்களா? அந்தியோகியாவில் பேதுரு பந்தியைவிட்டு விலகியபோது, பவுல் அதை நாகரிகக் குறைவு என்று மட்டும் கருதவில்லை. சுவிசேஷத்தின் சத்தியத்தையே விட்டு விலகியதாகக் கண்டு, எல்லாருக்கும் முன்பாக அவரைக் கடிந்துகொண்டார். கலாத்தியர் இரண்டாம் அதிகாரத்தை இந்த வாரம் குடும்பமாக வாசியுங்கள்.

நாப்பேலாவின் கதையை நான் இன்னும் முடிக்கவில்லை. கேனனை வீட்டுக்குள் அழைத்துக்கொண்ட நாளுக்கு இருபத்திரண்டு ஆண்டுகளுக்குப்பின், அவருடைய மனைவி கிட்டிக்குத் தொழுநோய் கண்டது. நோயாளிகளை மோலொகாய் தீவிலுள்ள கலாவுபாப்பா குடியிருப்புக்கு அனுப்பிவிடுவது அந்நாட்டின் சட்டம். ஒருபுறம் கடல், மறுபுறம் செங்குத்தான மலை. போனவர்கள் திரும்புவதில்லை. நாப்பேலாவுக்கு நோய் இல்லை. ஆயினும் 1873-ல் அவர் மனைவியோடு தாமும் அங்கே போனார். அத்தீவு மொழியில் இப்படித் துணையாகப் போகிறவருக்குக் கோகூவா என்று பெயர்.

சிலகாலம் அவரே குடியிருப்பின் கண்காணிப்பாளராகவும் நியமிக்கப்பட்டார். ஆனால் விதிப்படி பங்கில்லாத உதவியாளர்களுக்கும் உணவுப்பொருள்களை அளந்துகொடுத்தார் என்று அந்தப் பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டார். குடியிருப்பைவிட்டும் அவரை அனுப்பிவிடக்கூடும் என்ற நிலையில், சுகாதார வாரியத்துக்குக் கடிதம் எழுதினார். நோயிலும் சுகத்திலும் இவளைக் காப்பேன் என்று திருமணநாளில் தேவனுக்குமுன் உடன்படிக்கை செய்திருக்கிறேன், என்னை இவளோடு இருக்கவிடுங்கள் என்பதே அக்கடிதத்தின் சாரம். அவரை இருக்கவிட்டார்கள். அதே 1873-ல் அங்கே வந்துசேர்ந்த கத்தோலிக்கக் குருவான தமியான் அடிகளாரும் அவரும் நண்பர்களானார்கள். உபதேசத்தில் ஒருவரையொருவர் ஏற்காத இருவர், ஒரே நோயாளிகளின் குடிசைகளுக்குப் போய்வந்தார்கள்.

காலம் செல்ல, நாப்பேலாவையும் அந்நோய் பற்றியது. 1879 ஆகஸ்டு மாதத்தில் அவர் மரித்தார். சில வாரங்களுக்குள் கிட்டியும் மரித்தார்.